கரிசலிற் சொற்பஞ்சமா?

“தனித்தமிழிற் பாட்டெழுதலாம், மேடையிற் பேசலாம், கதை மட்டும் எழுதவியலாது” என்றொரு பழிச்சொல் நெடுநாளாய் உலவி வருகின்றது. அதனைக் கேட்டுக் கேட்டு, விருதுநகர், சிவகாசிப் பகுதிகளில் எழுதுகோல் எடுக்கும் இளைஞரும் மயங்குகின்றனர். வெடியாலைக்குச் செல்லும் தாயின் வாயில் ஆங்கிலத்தையும் வடசொல்லையும் திணித்தாலன்றிக் கதைக்கு உயிர் வாராது என முதற்கதையிலேயே முடிவு கட்டிவிடுகின்றனர். இது பொய், எழுதத் தொடங்கும் கையை ஒடிக்கும் பொய்!

இப்பொய்க்குத் துணையாக இன்னொரு பொய்யும் உண்டு. கதை எழுதுதல் பிறவிக்கொடை. கற்று வருவதன்று என்பதே அது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று, அங்குத் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அத்தொழில் அவர்தம் பிறவிக்கொடை என்று எவரேனும் கூறுவரோ? கண்டனர், கையாற் செய்தனர், பிழைத்ததைத் திருத்தினர், ஊரையே தொழில்நகராக்கினர். தீக்குச்சிக்குப் பயிற்சி வேண்டும்; கதைக்கு வேண்டாவோ?

தனித்தமிழியக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளே இதற்குச் சான்று. 1911-இல் வெளிவந்த அவர்தம் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ இரெயினால்ட்சு என்னும் ஆங்கிலரின் கதையைத் தழுவியது. ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921-இல் நூலாயிற்று. கடல் போலும் கற்ற அப்பெருமகனாரே தழுவிப் பயின்று பின் தாமே படைத்தார் எனின், ஒரே இரவிற் கதையாசிரியராக விழைவோர் நாணுதல் வேண்டும். அவரையடுத்து மு. வரதராசனார் நல்ல தமிழிற் புதினங்கள் எழுதினார். அவற்றுள் ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. தூய தமிழிற் கதையைப் படிப்பார் இலர் என்போர், மு.வ.வின் நூல்களை வீடுதோறும் வாங்கிப் படித்த தலைமுறையை மறந்தனர் போலும்!

இனி, கரிசல் மண்ணையே காண்க. விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டிற் பிறந்த மேலாண்மை பொன்னுச்சாமி (1951–2017) பள்ளியிற் படித்தது ஐந்தாம் வகுப்பு வரையே. ஊரிற் கடை வைத்துப் பிழைத்தவர், ‘மின்சாரப்பூ’ என்னும் சிறுகதைத் தொகுப்பிற்காக 2007-இல் அதே பரிசைப் பெற்றார். அண்டையூராம் இடைசெவலின் கி. இராசநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகவே தொகுத்து 1982-இல் வெளியிட்டார். இவ்விருவரும் தனித்தமிழ் நெறியினர் அல்லர். அவர்தம் எழுத்திற் பிறமொழிச் சொற்களும் உள. ஆயினும், கதையின் சொற்களஞ்சியம் நகரத்து இதழ்களில் இல்லை, காட்டிலும் களத்திலும் உளது என்பதை மெய்ப்பித்தவர் அவர்களே.

வெடியாலையிற் சென்று செவி கொடுத்துக் கேட்கட்டும்! திரி, மருந்து, குச்சி, சரம் என்பன பொருட்பெயர்கள். அடுக்குதல், ஒட்டுதல், செருகுதல், பின்னுதல், உலர்த்துதல் என்பன வினைகள். கணக்கறையினின்று வந்த அயற்சொற்கள் சில தொழிலாளர் வாயில் ஒட்டியிருத்தல் மெய்யே. ஆயினும் கை செய்யும் வேலைக்கெல்லாம் தமிழே பெயராய் நிற்கின்றது. அவ்வேலையை அருகிருந்து பாராதவனுக்கே சொற்பஞ்சம் வருகின்றது. பஞ்சம் மொழியில் இல்லை, பார்வையில் உளது!

இனி, குற்றம் ஒருபாற் பட்டதன்று. தனித்தமிழில் எழுதப் புகுவோர் சிலர், குச்சியடுக்கும் சிறுமியைப் புலவர் பட்டம் பெற்றவள்போற் பேசவைக்கின்றனர். கதைத்தலைவனை மேடையேற்றி மூன்று பக்கம் முழங்கவிடுகின்றனர். அது கட்டுரை, கதையன்று. தொல்காப்பியம் வழக்கும் செய்யுளுமாகிய இரண்டையும் ஆய்ந்தே எழுந்தது. திசைச்சொல்லையும் தமிழ்ச் சொல்வகையுள் ஒன்றாக வைத்தது. இலக்கண ஆசான் தள்ளாத ஊர்வழக்கைத் தள்ளுவதற்கு இவர்கள் யார்? பேச்சுவழக்கு வேறு, பிறமொழிக் கலப்பு வேறு. இவ்வேறுபாட்டை உணர்தலே கதை கற்பானின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் காட்சி. அதற்கு மேலைநாட்டு ஆசிரியரையே தேடியோட வேண்டுவதில்லை. சிவகாசிக்கு அருகிலுள்ள திருத்தங்கல்லே சங்கக் காலத்துத் தங்கால் என்பர். அவ்வூர்ப் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்று 326-ஆம் பாட்டில், இரவிற் காட்டுப்பூனைக்கு அஞ்சி ஓர் இளம்பேடை அலறுகின்றது. பஞ்சின் கழிவை நீக்க எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டபின்னரே அதன் நடுக்கம் தணிகின்றது. அறிவுரை ஒன்றும் இல்லை. அச்சமும், அன்பும், நள்ளிரவிலும் ஓயாத ஏழைப்பெண்ணின் உழைப்பும் அச்சிறு விளக்கொளியிலேயே தெரிகின்றன. கைத்தொழிலாளர் ஒருவர் தம் ஊரைக் கண்டு எழுதிய காட்சி அது!

இக்கல்வி வெறும் பொழுதுபோக்கிற்கன்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் வெடியாலை வெடித்தது. 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்தோரும் அவருள் அடங்குவர். செய்தித்தாள்கள் எண்ணிக்கையை எழுதின. அன்று காலையில் அவருள் ஒருத்தி அடுப்பில் எதை வைத்துவிட்டுப் புறப்பட்டாள், யாரிடம் என்ன சொல்லிச் சென்றாள் என்பதை எழுத எவர் உளர்? கதையொன்றே அதனைக் காக்கும். அதனை அவள் பேசிய தமிழில் எழுதாவிடின், அவள் இரண்டாம் முறையும் இறப்பாள்.

ஆகலின், கரிசல் இளைஞர் கற்க! கேட்டுக் கற்க, கண்டு கற்க, எழுதியதைக் கிழித்தெறிந்து மீண்டும் எழுதிக் கற்க! சொல் அவர்தம் தாய்மார் வாயிலேயே இருக்கின்றது.