அளவறிந்த வேட்டை

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் சிறியதொரு கட்டளை உண்டு. பறவைக் கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயைப் போகவிட வேண்டும். உண்ண உரிமை உண்டு, வேரறுக்க உரிமை இல்லை என்பதே இதன் உட்பொருள். இதனை மனத்திற்கொண்டு வட அமெரிக்காவின் பனிவாத்துகளைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

இப்பறவைகள் கோடையில் கனடாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் அமெரிக்காவின் தென்புல வயல்களை நாடுகின்றன. விற்பனைக்கென வரையறையின்றிப் பறவைகள் கொல்லப்பட்ட காலத்தில், 1916-இல், அமெரிக்காவும் கனடாவின் சார்பில் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை, இனம் பெருகும் காலத்தில், வேட்டை தடுக்கப்பட்டது.

பாதுகாப்பு பலனளித்தது. ஆயின் வேறொன்றும் நிகழ்ந்தது. இயந்திர அறுவடையில் சிந்திய நெல்லும் சோளமும் குளிர்காலத்தில் குறைவற்ற உணவாயின. பறவைகள் பல இலட்சங்களாகப் பெருகின. ஹட்சன் விரிகுடாவின் கரையோரச் சதுப்புகளில் அவை புல்லை வேரோடு தோண்டித் தின்றமையால் மண் உவர்ப்பேறிப் பாழாயிற்று. பல இடங்களில் அப்புல் பல்லாண்டுகளாகியும் மீளவில்லை. அங்கு வாழ்ந்த சிறு பறவைகளும் இடமிழந்தன.

எனவே 1999-இல் இரு நாடுகளும் இவ்வினத்திற்கென வசந்தகால வேட்டையை அனுமதித்தன. காத்தவர்களே கொல்லச் சொல்வதா என்று எதிர்த்தோர் அமெரிக்காவில் நீதிமன்றமும் சென்றனர். அவர்தம் இரக்கத்தை நாம் எள்ளுவதற்கில்லை. வேட்டை பெருகியும், கண்டத்தின் நடுப்பகுதிக் கூட்டம் எதிர்பார்த்தவாறு அதனால் குறையவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் கூறின. பெருக்கத்திற்கு வித்திட்ட வயலுணவு அப்படியே இருந்ததே! மனிதன் குலைத்த சமநிலையைத் துப்பாக்கி மட்டும் சீராக்கிவிடுமா? ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, சட்டத்தை இறுக்கவும் தளர்த்தவும் அறிவதே நல்ல மேற்பார்வை.

நம் நாட்டில் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் ஏரிப் பறவைகளை வேட்டையாடுவதைத் தடுக்கின்றன. ஆயினும் கொக்கும் நாரையும் மறைவாக விலைபோவதுண்டு. வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போரும் இல்லை. அவ்விறைச்சி நம் அடுக்களைக்குள் வரலாகாது என்று பெற்றோர் உறுதி கொள்வார்களாக. அதன் காரணத்தையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார்களாக. படைப்பை நம்மிடம் ஒப்படைத்தவர் ஒருநாள் கணக்குக் கேட்பார்.