கப்பல் சாயும் என்று தெரிந்தவர்கள்



நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "சேர், ஸ்டொக்ஹோமில் என்ன பார்த்தீங்க?" என்று நிறையப் பேர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு பின்லாந்தில் இருக்கிற நானாவிடம் போயிருந்தேன். அவர்தான் கப்பலில் கூட்டிப்போனார். ஹெல்சிங்கியில் பின்னேரம் ஏறினால் காலையில் சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில் இறக்கிவிடுவார்கள். அன்று பின்னேரமே திரும்ப ஏற வேண்டும். கரையில் கிடைப்பது ஆறு மணித்தியாலம்தான். அதில் மூன்று மணித்தியாலத்தை ஒரே இடத்தில் செலவழித்தேன். வாசா நூதனசாலை.

உள்ளே ஒரு முழு மரக் கப்பல் நிற்கிறது. 69 மீற்றர் நீளம், 64 பீரங்கிகளுக்காகக் கட்டியது. 1628 ஆகஸ்ட் 10ஆம் திகதி, கரையில் சனங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, முதற்பயணம் புறப்பட்டது. சுமார் 1,300 மீற்றர்தான் போனது. காற்று ஒரு தரம் பலமாக அடித்ததும் சரிந்தது. திறந்திருந்த பீரங்கி வாசல்களால் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. சுமார் 30 பேர் இறந்தார்கள். 333 வருடங்களுக்குப் பிறகு, 1961இல்தான் மேலே தூக்கினார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கப்பலின் அழகல்ல. புறப்படுவதற்கு முன்பே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 30 பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்றாவது தரத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். கடற்படைத் தளபதி பக்கத்தில்தான் நின்றார். ஆனால் மன்னர் போர்க்களத்திலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். யாரும் "இது போகக்கூடாது" என்று சொல்லவில்லை. பிறகு நடந்த விசாரணையிலும் யாரும் குற்றவாளியில்லை.

கப்பலுக்குள் எடுத்த அடிமட்டங்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். சிலதில் ஒரு அடிக்கு 12 அங்குலம், சிலதில் 11 அங்குலம். ஒரே கப்பலைக் கட்டிய தச்சர்கள் வேறு வேறு அளவுகோல் வைத்திருந்திருக்கிறார்கள். கணிதம் படிப்பிக்கிற எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

அங்கே நின்றபோது என்னுடைய முதல் நியமனம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கல்வியியற் கல்லூரி முடித்துப் போன பாடசாலை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கியே ஆக வேண்டும் என்று ஊரே ஒற்றைக்காலில் நின்றது. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாய்கூட இல்லை. ஆனால் பிரமுகர் வரும் திகதி குறித்தாகிவிட்டது. கூட்டத்தில் இருந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும் விளங்கியது. புதிதாக வந்தவன், வாயைத் திறந்தால் "ஊருக்கு எதிரானவன்" என்று பெயர் வரும் என்று பயந்து தலையாட்டினேன்.

பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒருவரும் பல்கலைக்கழகம் போகவில்லை. அதில் கணிதத்தில் மிகக் கெட்டிக்காரி ஒரு பிள்ளை. பெறுபேறு வந்த பிறகு ஒரு நாள் ரோட்டில் கண்டு, "சேர், இது சரிவராதென்று உங்களுக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

சுவீடன்காரர்கள் தங்களுடைய பெரிய வெட்கக்கேட்டை நடுநகரில் கூரை போட்டு வைத்து, சிறுபிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, அடுத்த திறப்பு விழாவுக்குத் திகதி பார்க்கிறோம். அந்தப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எந்தக் கூட்ட அறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

தலைவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்ப விரும்பவில்லை. மன்னர் தூரத்தில் இருந்தார். கப்பல் ஆடியதைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். பாடசாலைக் கூட்டமோ பள்ளிவாசல் நிர்வாகமோ, அடுத்த தரம் யாராவது எழும்பி "இது இப்போது சரிவராது" என்று சொன்னால், தயவுசெய்து அவரை இருத்திவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள். ஒருவரும் எழும்பாவிட்டால் நான் எழும்புவேன், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் அதுதான்.