மேடைப் பாட்டும் தட்டுப் பாட்டும்

சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவதற்கு எந்தப் பரீட்சையும் தேற வேண்டியதில்லை. இரண்டு காதுகள் இருந்தால் போதும்; அவற்றுள் ஒன்று சற்று மந்தமாயிருந்தாலும் பாதகமில்லை. இந்த உண்மை எல்லாத் தேசங்களுக்கும் பொதுவானது என்று அறிய விரும்புகிறவர்கள் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் கிராமி பரிசளிப்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் மறுநாள் பேசிக்கொள்வதையும் அவசியம் கேட்க வேண்டும். விழா சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

கிராமபோன் என்ற சொல்லிலிருந்து பிறந்தது இப்பரிசின் பெயர். பரிசும் பொன்முலாம் பூசிய சிறு கிராமபோன் உருவமேயாகும். 1959-ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பட்டது. 1971 முதல் விழா நடக்கும்போதே வீடுகளிலிருந்து பார்க்கும்படி தொலைக்காட்சியில் காட்டி வருகிறார்கள். இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பரிசு கொடுக்கப்படுவது இசைத்தட்டுக்கு. அதை முடிவு செய்வது இசைத் தொழிலில் ஈடுபட்ட அங்கத்தினர்களின் வோட்டு. வீட்டிலிருந்து பார்க்கும் ஜனங்களோ அன்றிரவு மேடையில் நின்று பாடியவர் எப்படிப் பாடினார் என்பதைக் கொண்டே தங்கள் தீர்ப்பை வழங்குகிறார்கள்.

இது நியாயமான அளவுகோல்தான். தட்டுக்காகப் பாடும்போது தவறு நேர்ந்தால் மறுபடி பாடலாம். பத்துத் தடவை பாடி, நன்றாய் அமைந்த பகுதிகளை மாத்திரம் எடுத்து இணைத்தும் விடலாம். மேடையில் அந்தச் சலுகை இல்லை. அங்கே பாடகருக்குத் துணை அவருடைய தொண்டையும் தைரியமுமே. ஆனால் அளவுகோல் நியாயமாயிருந்துவிட்டால் தீர்ப்பும் நியாயமாயிருக்கும் என்று சொல்லிவிட முடியுமா? நடந்த சில சம்பவங்களைப் பார்ப்போம்.

2016 பிப்ரவரியில் நடந்த விழாவில் அடேல் என்னும் ஆங்கிலப் பாடகி பாடினார். பியானோவுக்குள் பொருத்தியிருந்த ஒலிவாங்கிகள் கழன்று தந்திகளின் மேல் விழுந்துவிட்டன. யாரோ கிதாரைத் தாறுமாறாக மீட்டுவதுபோல் ஓர் ஒலி எழுந்து, பாட்டே சுருதி விலகினாற்போல் தோன்றிற்று. பாடகி நிறுத்தாமல் பாடி முடித்தார். பார்த்துக் கொண்டிருந்தவர்களுள் பலருக்கு ஒலிவாங்கி விழுந்தது எப்படித் தெரியும்? குரலில்தான் கோளாறு என்று அவசரமாகத் தீர்மானித்தவர்கள் உண்டு. மறுநாள் பெரும்பகுதியும் அழுது கொண்டிருந்ததாக அவரே பின்னர் சொன்னார்.

அடுத்த ஆண்டு அதே விழாவில் அவர் மறுபடியும் பாடினார். 2016 கிறிஸ்துமஸ் தினத்தன்று காலமான ஜார்ஜ் மைக்கேல் என்ற பாடகருக்கு அஞ்சலியாக அவருடைய பாட்டையே எடுத்துக்கொண்டார். ஆரம்பம் சரியாக அமையவில்லை. சிறிது நேரம் பாடினார்; சட்டென்று நிறுத்தினார். மறைந்தவருக்குச் செய்யும் மரியாதையைக் கெடுக்க மனம் ஒப்பவில்லை என்று கூறி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆதியிலிருந்து மறுபடி தொடங்கினார். இலட்சோப இலட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் இப்படிச் செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! முடிந்ததும் மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்றிரவு அவர் ஐந்து பரிசுகள் பெற்றார். ஆயினும் அந்தப் பரிசுகளை மறந்தவர்களுக்குக்கூட அவர் பாட்டை நிறுத்தியது நினைவிலிருக்கிறது.

நிற்க. பிழையே இல்லாத பாட்டு ஒன்றையும் பார்ப்போம். 1990 பிப்ரவரி விழாவில் மில்லி வனில்லி என்ற பெயருடைய இரண்டு வாலிபர்கள், ராப் பிலாடஸ், பாப் மோர்வன் என்பவர்கள், அழகாக ஆடினார்கள். சுருதியும் தாளமும் அணுவளவும் பிசகவில்லை. கரகோஷம் எழுந்தது; சிறந்த புதிய கலைஞர்கள் என்ற பரிசும் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. தட்டில் இருந்த குரல் அவர்களுடையதே அல்ல. வேறு பாடகர்களைப் பாடவைத்து, இவர்களுடைய முகத்தை அட்டையில் போட்டவர் பிராங்க் பாரியன் என்ற ஜெர்மன் தயாரிப்பாளர். மேடையில் இவர்கள் செய்தது வாயசைப்பு. பரிசு பறிக்கப்பட்டது. தட்டு வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள்.

கோபம் நியாயமானதே. ஆனால் அது யார் தலையில் விழுந்தது? ஊர் சிரித்தது அந்த இரண்டு வாலிபர்களைப் பார்த்துத்தான். ஏற்பாட்டையெல்லாம் செய்த பாரியன் அதன் பிறகும் இசைத்தட்டுகள் தயாரித்து வந்தார். பிலாடஸ் 1998 ஏப்ரலில் இளம் வயதிலேயே ஜெர்மனியில் இறந்துபோனார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தானே போட்டுத் தப்பு விடை கொண்டுவரும் பையனும் உண்டு. பக்கத்துப் பையனைப் பார்த்துச் சரியான விடை கொண்டுவருகிறவனும் உண்டு. இரண்டாமவனுடைய நோட்டில் சிவப்பு மைக்கு வேலையில்லை. ஆயினும் உபாத்தியாயர் கவலைப்பட வேண்டியது அவனைப் பற்றித்தான். தப்பு விடைக்காக மாத்திரமே பிரம்பை எடுக்கும் உபாத்தியாயரிடம் பிள்ளைகள் கணக்கைக் கற்பதில்லை; பார்த்து எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். ரஸிக மகாஜனங்களும் ஒருவகையில் உபாத்தியாயர்களே. பிசகே கூடாது என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், பிசகில்லாத சரக்கைத் தயார் செய்து கொடுக்க யாராவது ஒரு பாரியன் முன்வராமல் இருக்கமாட்டார். இப்பொழுது அந்த வேலை இன்னும் சுலபம். விலகும் சுருதியை இழுத்து நிறுத்தும் ஆட்டோ-டியூன் என்னும் சாதனம் 1997-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே குரலைத் திருத்தவும் இன்று வழியிருக்கிறது.

அப்படியானால் மேடையில் நாம் எதைத்தான் எதிர்பார்ப்பது? 1998 பிப்ரவரியில் நியூயார்க் ரேடியோ சிட்டி மண்டபத்தில் நடந்த விழா இதற்கு விடை கூறுகிறது. லூசியானோ பாவரோட்டி என்ற புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் புச்சினியின் இசை நாடகத்திலிருந்து ஒரு பாட்டுப் பாடுவதாக இருந்தது. உடல் நலமின்றி, கடைசி நேரத்தில் வர இயலாதென்று சொல்லியனுப்பிவிட்டார். அரீதா பிராங்க்ளின் அவருக்குப் பதிலாகப் பாட ஒப்புக்கொண்டார். ஆயத்தம் செய்துகொள்ள அரை மணி நேரம்கூட இல்லை. வாத்தியக்காரர்கள் பழகியிருந்ததோ ஆண் குரலுக்குரிய சுருதி. அரீதா வளர்ந்ததோ தேவாலயப் பாட்டிலும் கறுப்பு மக்களின் ஸோல் இசையிலும். ஒத்திகையின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டார், மேடை ஏறினார், தமது பாணியிலேயே பாடினார். சபை முழுவதும் எழுந்து நின்றது. அந்தப் பாட்டின் தலைப்புக்கு 'யாரும் உறங்கலாகாது' என்று பொருள். அன்றிரவு அந்தக் கட்டளை நிறைவேறிற்று என்பதில் சந்தேகமில்லை.

இலக்கணம் கற்றவர்கள் அந்தப் பாட்டில் குற்றம் காணலாம். அதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. குறையே சொல்லக்கூடாது என்பது நமது கட்சியன்று. கருவியின் குற்றத்தைக் குரலின்மேல் ஏற்றலாகாது. குரலின் குற்றத்தை வஞ்சகம்போல் பாவிக்கலாகாது. வஞ்சகத்தைக் கண்டால், ஆடிய பொம்மையோடு நின்றுவிடாமல் கயிற்றைப் பிடித்தவரையும் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறியும் சபைக்கு எதிரே பாடுகிறவர்கள் தைரியமாகச் சொந்தக் குரலில் பாடுவார்கள். மற்ற சபைகளுக்குத் தட்டுப் பாட்டே போதும். அதற்காக இரவில் கண்விழித்துத் தொலைக்காட்சி பார்க்க வேண்டிய அவசியமில்லை.