பிள்ளைக்குக் கணினி தேவை, கடன் தேவையில்லை!

மில் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் இன்று கல்லூரிப் படியேறியிருக்கிறார்கள். பாட்டன் காலத்தில் எட்டாத படி அது. ஏறிய மறுநாளே பிள்ளை மடிக்கணினி கேட்கிறது. கடைக்காரரோ விலை உயர்ந்ததையே எடுத்துக் காட்டி, "வட்டியில்லாத் தவணை" என்கிறார். வட்டி இல்லையென்றாலும் 'பரிசீலனைக் கட்டணம்' என்று ஒன்று பின்வாசல் வழியே வருவதுண்டு. பல மாதக் கூலி இப்படி அடகு போகலாமா?

தோழர்களே, அவசரம் வேண்டாம். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்குவதாக அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு அது உண்டா என்று முதலில் கல்லூரியில் விசாரியுங்கள்.

வாங்கியே தீர வேண்டுமானால், "எந்தக் கம்பெனி?" என்று கேட்காதீர்கள், "எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள். கட்டுரை எழுத, கணக்குப் போட, இணையத்தில் பாடம் கேட்க 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ள எளிய கணினி போதும். அலுவலகங்கள் கழித்துவிட்டு, பழுதுபார்த்து விற்கப்படும் கணினியும் இதற்கு ஈடுகொடுக்கும். ஆனால் ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்கலாகாது. பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லா விசைகளும் வேலை செய்கின்றனவா, கீல் ஆடுகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11-க்கு அந்தக் கம்பெனி ஏற்பதில்லை. இவற்றை மலிவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஏமாற வேண்டாம்!

ஆனால் அதே கணினியில் லினக்ஸ் ஓடும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவும் சேர்ந்து வளர்ந்தது இது. உலகெங்கும் ஆயிரமாயிரம் பேரின் கூட்டு உழைப்பு. தனியொரு முதலாளியின் சொத்தல்ல. உபுண்டு, மின்ட் ஆகியவற்றுக்குக் காசு கிடையாது. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது; அதற்கும் காசில்லை. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் பயில்கிறார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாகாது. வணிகவியல் மாணவி பழகும் டேலி விண்டோஸில்தான் ஓடும். ஆகவே, பாடத்துக்கு எந்த மென்பொருள் தேவை என்று ஆசிரியரிடம் கேட்டறிவது அவசியம். மாணவருக்கென்று இலவசப் பதிப்பு உள்ளதா என்றும் கேட்க வேண்டும். திருட்டுப் பிரதிகளோடு வைரசும் வரும். அந்தப் பக்கமே போகக்கூடாது.

நாம் சிக்கனமாக வாங்குவதோடு விஷயம் முடிந்துவிடாது. தங்க நகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம்; ஏழை மாணவனின் கணினிக்கோ 18 சதவீதம்! 2025 செப்டம்பரில் ஏ.சி. இயந்திரத்தின் வரியை 28-லிருந்து 18 ஆகக் குறைத்த சர்க்காருக்கு, கணினியின் வரியைக் குறைக்க மனம் வரவில்லை. இது என்ன நியாயம்?

மாணவர் கணினி மீதான வரியைக் குறைக்க வேண்டும். கல்லூரிகள் இயன்றவரை கட்டணமில்லா மென்பொருளில் பாடம் நடத்த வேண்டும். கணினிக் கூடங்கள் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். பெற்றோரும் மாணவரும் ஒன்றுசேர்ந்து இவற்றைக் கோர வேண்டும். படிப்பின் பேரால் உழைப்பாளி கடனாளியாவதை அனுமதியோம்!