திரும்பி வராதவங்க கணக்கு எங்கே?

"ஆபரேஷன் பண்ணா பார்வை வருமா டாக்டர்?" விழித்திரை நோயாளிகள் கேக்குற முதல் கேள்வி இதுதான். இனி இதுக்கு ஏஐ பதில் சொல்லிடும்னு பேசுறாங்க. கண்ணை ஸ்கேன் பண்ணா போதும், பார்வை வர எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுமாம். எனக்கு இதுல பெரிய ஆட்சேபம் இருக்கு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

ஏஐ மேல எனக்குப் பகை இல்லை. மதுரைக்கு அது புதுசும் இல்லை. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க, 1,28,175 படங்களை வச்சுப் பயிற்சி கொடுத்த மென்பொருள் பற்றி கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்கப் படங்களோட, நம்ம அரவிந்த் உட்பட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. 2019-ல் அது மதுரை அரவிந்திலேயே பயன்பாட்டுக்கும் வந்தது. நல்ல வேலை, மறுக்கலை.

ஆனா அது "இப்போ நோய் இருக்கா?" என்ற கேள்வி. மிஷின் சொன்னது சரியான்னு அதே படத்தைப் பார்த்து ஒரு டாக்டர் அன்னைக்கே சொல்லிடலாம். "ஆறு மாசம் கழிச்சுப் பார்வை எப்படி இருக்கும்?" என்பதுக்கு விடை, நோயாளி திரும்பி வந்து சார்ட்டைப் படிச்சாத்தான் கிடைக்கும்.

மாக்குலர் ஹோலை எடுத்துக்குங்க. விழித்திரையின் நட்டநடுவில் விழும் ஓட்டை. ஆபரேஷன் பண்ணி, கண்ணுக்குள்ள வாயு நிரப்பி, சில நாள் குனிஞ்சே இருக்கச் சொல்வோம். ஓட்டை மூடிடுச்சான்னு சில வாரத்தில் ஓசிடி ஸ்கேன் காட்டிடும். பார்வையோ மாசக்கணக்கில் மெதுவாத்தான் ஏறும். ஓட்டை எவ்வளவு பெருசுன்னு ஸ்கேனில் அளக்கலாம். எத்தனை மாசமா இருக்குன்னு? ஒரு கண்ணை மூடிப் பார்த்தாத்தானே இன்னொரு கண்ணில் குறை இருக்குறதே தெரியும்! பல பேருக்கு அந்தத் தேதியே தெரியாது.

இப்போ திருமங்கலம் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருத்தரை நினைச்சுக்குங்க. டவுன் பஸ்ல அவங்களுக்கு டிக்கெட் இல்லைதான். கூட வர்ற மகனோட அன்னைக்குக் கூலி? பார்வை வந்துட்டா "அதான் தெரியுதே"ன்னு வர மாட்டாங்க. வரலைன்னா "போய் என்ன ஆகப்போகுது"ன்னு வர மாட்டாங்க. ஆக, மிஷின் பாடம் படிக்கிறது திரும்பி வந்தவங்ககிட்ட மட்டும்தான். கணிப்பு சொல்லப்போறதோ எல்லாருக்கும்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. "வாய்ப்பு கம்மி"ன்னு மிஷின் சொல்லி, ஆபரேஷன் வேண்டாம்னு அந்த அம்மாவை அனுப்பிட்டா, அந்தக் கணிப்பு தப்புன்னு யாராலும் நிரூபிக்கவே முடியாது. ஆபரேஷனே நடக்கலையே! நாளைக்குக் காப்பீட்டு ஒப்புதலுக்கும் இந்த நம்பரைக் கேட்டா யார் வெளியே நிப்பாங்கன்னு யோசிங்க. சார்ட்டில் ரெண்டு வரி கூடுறது மிஷினுக்கு அற்ப முன்னேற்றமா இருக்கலாம். ராத்திரி துணையில்லாம கொல்லைப்பக்கம் போய்வர முடியுதுன்னா, அந்த அம்மாவுக்கு அதுதான் பார்வை.

அதனால இதை விக்க வர்றவங்ககிட்ட ரெண்டே கேள்வி. உங்க டேட்டாவில் எத்தனை பேர் ஆறாம் மாசம் திரும்பி வந்தாங்க? வராதவங்களை எந்தக் கணக்கில் வச்சீங்க? பதில் வர்ற வரைக்கும் என் ஓபியில் அந்தச் சதவீதத்தை எந்த நோயாளிகிட்டயும் சொல்றதா இல்லை.