எட்டுக்கால் பூச்சிக்கு வீடு கட்டப் போறீங்களா?

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் காலமெல்லாம் போய், "அப்பா, டரான்டுலா வாங்கித் தாங்க" என்று கேட்கிற பிள்ளைகள் வந்தாச்சு! உடம்பெல்லாம் ரோமம், உள்ளங்கை அகலம்... எட்டுக்கால் பூச்சியேதான். கட்டுக்கதை என்று நினைக்காதீர்கள். 2021 ஜூலையில் சென்னையில் சுங்கத்துறையினர் ஒரு தபால் பார்சலைப் பிரித்தால், குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள்! போலந்திலிருந்து அருப்புக்கோட்டை விலாசத்துக்கு வந்தவை. அனுமதிப் பத்திரம் இல்லாததால், திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

கேட்ட பிள்ளையைத் திட்டாதீர்கள். சிலந்தியைக் கண்டதும் துடைப்பத்தைத் தூக்குகிற வீட்டில், அதை ஆசையாகப் பார்க்கிற குழந்தை அபூர்வம். ஆனால் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு அதற்குத் தோதுப்படுமா?

பெட்டி வைப்பது பெரிய வேலையில்லை. காற்றுத் துளையோடு இறுக மூடும் கண்ணாடிப் பெட்டி, ஆழமாகத் தென்னைநார்த் தூள், ஒளிந்துகொள்ள ஒரு கொட்டாங்கச்சி, சின்னத் தட்டில் தண்ணீர். தரையில் வாழும் ரகத்துக்கு உயரமான பெட்டி ஆகாது. விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். மல்லாந்து கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தோல் உரிக்கிறது!

சிக்கல் வேறு. சாயங்காலமானால் கொசுவத்தி ஏற்றுகிறீர்கள், இல்லாவிட்டால் லிக்விடைப் பிளக்கில் சொருகுகிறீர்கள். வாய்க்கால் ஓரம் குடியிருந்துகொண்டு அது இல்லாமல் தூங்க முடியுமா? கொசுவுக்கு வைத்த மருந்து சிலந்தியையும் விடாது. இரைக்கு வயல் வெட்டுக்கிளியைப் பிடித்துப் போட்டால், அதிலும் பூச்சிமருந்து இருக்கலாம்.

அமெரிக்கக் கண்டத்து ரகங்கள் பல, மிரண்டால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தை உதறும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் கசக்காமல் கண் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். நம் நாட்டு மரச்சிலந்திக்கு அந்த ரோமம் இல்லை. ஆனால் கடித்தால் தசைப்பிடிப்பு பாடாய்ப் படுத்தும். பெண் சிலந்தி 20 வருஷம்கூட வாழும். பிள்ளை காலேஜுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதான்!

என் யோசனை இது. பெட்டி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை வயலுக்குக் கூட்டிப் போங்கள். நெல் தூரில் ஓடுகிற ஓநாய்ச் சிலந்தியைக் காட்டுங்கள். டரான்டுலா என்ற பெயரே இத்தாலியின் டரான்டோ ஊரில் முதலில் இந்த வகைக்கு வைத்ததுதான்! குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு திரியும். நெல்லைக் கருக்குகிற புகையானைப் பிடித்துத் தின்னும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான். புகையான் மறுபடி பெருகும். சொந்த நிலம் இருந்தால் அங்கங்கே சின்ன வைக்கோல் கட்டுகளைப் போடச் சொல்லுங்கள், சிலந்திகள் தானே குடியேறும். பிள்ளை தன் கையால் கட்டட்டும்.

டார்ச் அடித்தால் அதன் கண் மின்னும் என்று கேள்விப்பட்டு, ராத்திரியில் வரப்புக்குக் கிளம்பிவிடாதீர்கள். பாம்பு நடமாட்டம் உண்டு!