எச்சில் அல்ல, நெஞ்சுச் சளி



மார்கழி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று ஓயாது. கஞ்சிக்கோட்டில் அதோடு தொழிற்பேட்டைப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். அதனாலேயே எந்த இருமலையும் ‘காத்துக்குத்தான்’ என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலென்றால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோயா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

அங்கே மலையாளத்தில் ‘கபம்’ கேட்பார்கள். நமக்கு அது சளி. வடக்கிலிருந்து வேலைக்கு வந்த தம்பிக்குப் ‘பல்கம்’. நம் பேச்சில் மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டுவதும் சளி. ‘சளி இருக்கா?’ என்றால், மூக்கை உறிஞ்சிப் பார்த்து ‘இல்லீங்க’ என்போம். டப்பாவைக் கையில் கொடுத்தாலோ, நாலு பேர் முன்னால் காறக் கூச்சப்பட்டு எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவோம். எச்சிலில் கிருமி அகப்படாமல் போகலாம். நோய் இல்லையென்று சீட்டு வரும். நோய் நம்மோடு வீட்டுக்கு வரும்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பெண்களில் சிலருக்கு மட்டும் சளி எடுக்கும் முறையை விளக்கினார்கள். விளக்கம் பெறாதவர்களில் 100க்கு 8 பேரிடம் கிருமி தென்பட்டது. பெற்றவர்களில் 13 பேரிடம். கூடுதலாகக் கொடுத்தது விளக்கம் மட்டுமே.

முறை எளிது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். ஆளில்லாத வெட்டவெளிக்குப் போங்கள். மூச்சை ஆழ இழுத்து, சற்று நிறுத்தி, பிறகு வெளியே விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின், அடிநெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதைத்தான் டப்பாவில் பிடிக்க வேண்டும். ரத்தம் கலந்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோய் இருப்பது தெரிந்தால் ஊர் ஒதுக்கிவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. அந்தப் பயம் வேண்டாம். தவறாமல் மருந்து எடுத்தால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை 1959லேயே சென்னையில் நடந்த ஆய்வு உலகுக்குக் காட்டிவிட்டது.

பக்கத்து லைன் வீட்டில் யாராவது வாரக்கணக்கில் இருமுகிறார்களா? சளியோ, கபமோ, பல்கமோ, அவருக்குப் புரிகிற சொல்லில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்